சாமி எடுத்துக் கொடுத்த சட்டக் கல்லூரி

எதிர் வீட்டுப் பெண் போனோடு வந்து நின்றாள். "அக்கா, எந்த லா காலேஜ் நல்ல காலேஜ்?" போனில் ஏசி கட்டடம், புல்வெளி, கோட்டுப் போட்டுச் சிரிக்கிற பிள்ளைகள். வாத்தியார் யாரென்று தேடினேன். நீச்சல் குளம்தான் இருந்தது. வக்கீலுக்குப் படிக்கிறவளுக்கு அது எதற்கு? எரிச்சலோடு திருப்பிக் கொடுத்தேன். அவள் வீட்டு வாசலில் அரளி பூத்துக் கிடந்தது. என் காலேஜை முடிவு செய்தது அந்தப் பூதான்.

சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊர். அய்யாவுக்கும் அவர் அண்ணன் பெரியய்யாவுக்கும் பனங்காட்டு வரப்பு ஒன்றின் மேல் வழக்கு. ஒரு ஆடு படுத்தால் நிறைந்துவிடும், அவ்வளவுதான் வரப்பு. எங்கள் வக்கீலுக்கு வாய்தா வாங்குவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் கோயிலுக்குக் கிடா நேர்ந்துவிடுவது மாதிரி என்னைச் சட்டத்துக்கு நேர்ந்துவிட்டார் அய்யா. எனக்கும் சட்டம் பிடித்திருந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை.

கவுன்சிலிங்கில் எந்தக் காலேஜைக் கேட்பது என்பதில்தான் சண்டை. எனக்குச் சென்னை. ஊரைவிட்டுத் தப்ப வேண்டும். அய்யாவுக்கு ராமநாதபுரம்.

"அங்கன இருந்தா கோர்ட்டு பக்கம். மத்தியானம் போயி நம்ம கேசப் பாத்துட்டு வரலாம்ல."

"படிக்கிறவ எந்திரிச்சுப் பேசுனா ஜட்ஜு வெளிய தள்ளிருவாருய்யா."

"பேச வேணாம். அவனுகள மொறச்சுப் பாரு, போதும்."

கடைசியில் குலசாமி கோயிலில் பூப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. இலையில் மடித்த இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, அது ராமநாதபுரம். ஒன்றில் சிவப்பு, அது சென்னை. பூசாரி குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பார். மற்றதைப் பிரிக்கக் கூடாது. பொட்டலம் மடிக்கிற வேலையை அய்யா யாருக்கும் விட்டுத் தரவில்லை. அம்மா பொட்டலங்கள் இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

அய்யா எட்டி அந்தப் பூவைத் தொட்டுப் பார்த்தார். வழக்கு வந்ததிலிருந்து எங்களோடு பேசாத பெரியய்யாவும் சாமி கும்பிட வந்திருந்தார். தூணைப் பார்த்துச் சொன்னார்: "சில பேரு மொகத்துல ஈயாடலையே."

திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் அய்யா அம்மாவின் காதில் சொன்னது பக்கத்து வரிசை சீட்டில் இருந்த எனக்கும் கேட்டது. "ரெண்டுலயும் வெள்ளையத்தான்டி வச்சேன்."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமிகிட்டயே களவாணித்தனமா? அது சும்மா விடுமா?" சொல்லிக்கொண்டே, மடியிலிருந்து எட்டிப் பார்த்த வெள்ளை அரளியை உள்ளே தள்ளினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டு உப்பளத்தைப் பார்த்தேன்.

அய்யா அரண்டுவிட்டார். அந்த வாரமே பெரியய்யா வீட்டுக்குப் போய், "வரப்ப நீயே வச்சுக்கண்ணே" என்று சொல்லி வழக்கை வாபஸ் வாங்கினார். எந்த வழக்குக்காக என்னைப் படிக்க அனுப்பினார்களோ, அது நான் சென்னைக்கு ரயில் ஏறுவதற்குள் செத்துப்போனது. படித்துவிட்டு வந்து ஊரான் வழக்குக்கு வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பெரியய்யா இல்லை. பனங்காடும் இல்லை, சோலார் தகடுகள் வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன. வரப்பு எங்கே இருந்தது என்று அய்யாவுக்கே காட்டத் தெரியவில்லை. அம்மாவும் போய்விட்டாள். பூவை எப்போது மாற்றினாய் என்று அவளிடம் நான் கேட்டதில்லை. எனக்காகச் சாமியை ஏமாற்றுகிற ஆள் இனி யாரும் கிடையாது.