வழக்கமான வசிப்பிடம்

புற்றுநோய்ப் பதிவகத்தில் அவள் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கோப்புகளைப் புரட்டி, வயது, உறுப்பு, நோய் முற்றிய அளவு, விலாசம் என்று படிவத்தில் ஏற்றுவது வேலை. உலகத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கோடிப் பேருக்குப் புதிதாக இந்த நோய் வருகிறது என்று ஒரு நாள் கோப்பறையில் வாயை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அதுவே பெயர். "ரெண்டு கோடி வந்தாச்சு, கோப்ப எடுத்துப் போட்டுட்டுத் தள்ளி நில்லுங்கப்பா" என்பதுதான் அங்கே வரவேற்பு.

அவள் மேசைக்கு மேலே ஓர் உலக வரைபடம் தொங்கும். நோய் அதிகம் என்றால் அடர் சிவப்பு, குறைவு என்றால் வெளிர். வெளிர் நிறத்தைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். சில இடங்களில் நோய் குறைவு, சில இடங்களில் எழுத ஆள் குறைவு. எது எது என்று வரைபடம் வாயைத் திறக்காது.

அவள் எழுதிய கணக்கிலும் ஒரு வெளிர் இடம் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நகர எல்லைக்கு வெளியே, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தொழிற்சாலையை ஒட்டிய குடியிருப்பு. போன வருட அறிக்கையில் அங்கே அதுவரை மொத்தம் மூன்றே பேர். தொழிற்சாலைக்காரர்கள் அறிக்கையின் அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டார்கள். தூசிக்கு முகமூடி கேட்டு வந்தவர்களிடம் மேனேஜர் அதை விரலால் தட்டிக் காட்டினார். "மூணு பேரு. முதல்ல சிகரெட்ட விடுங்க."

இந்த வருடம் அவளுடைய அண்ணனுக்கு வந்தது. அந்தக் குடியிருப்பிலேயே வாழ்ந்து, பதினெட்டு வருடம் அங்கே ஷீட் அறுத்தவன். நுரையீரலைச் சுற்றிய உறையில் கட்டி. நகர எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் இலவச சிகிச்சை அட்டை என்பதால், "என் வீட்டு விலாசத்தக் கொடுங்க" என்று சொன்னவளே அவள்தான். பிறகு அந்தக் கோப்பு அவள் கைக்கே வந்தது. படிவத்தின் ஏழாவது கட்டம் 'வழக்கமான வசிப்பிடம்' கேட்கும். நோயாளி உண்மையில் எங்கே வாழ்ந்தான் என்று. பழக்கதோஷத்தில் கோப்பில் இருந்ததை அப்படியே எழுதினாள். தன் வீட்டுக் கதவு எண்ணைத் தானே எழுதினாள்.

எழுதி முடித்த பிறகுதான் சுருக்கென்றது. பழைய படிவங்களை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள ஒரு லாட்ஜில் மட்டும் பதினொரு பேருக்கு அதே நோய். லாட்ஜில் யார் வருடக்கணக்கில் குடியிருப்பார்கள்? ஒரு பட்டம், ஆறு வருட அனுபவம், இந்தச் சின்னக் கேள்வி ஏன் தோன்றவில்லை?

வெள்ளிக்கிழமை வருடக் கணக்கு மூடுகிறது; அதற்குப் பிறகு எந்தப் படிவத்தையும் திருத்த முடியாது. வியாழன் மதியமே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"படிவம் கொண்டாந்தியா? ஆள் இன்னும் இருக்காரு."

"விலாசத்த மாத்தணும் அண்ணி. இந்த வீட்ட எழுதணும்."

"எழுது. அட்டையப் புடுங்கிருவாங்க. மருந்து நின்னதும், செத்த தேதி போடற கடைசிக் கட்டத்தையும் நீயே நிரப்பிக்கலாம்."

"இது ஆஸ்பத்திரிக்குப் போகாது. எங்க பீரோவுல பூட்டித்தான் இருக்கும்."

"ஒரு பேப்பர் இன்னொரு பேப்பர்கிட்ட பேசாதுங்கற. ஃபேக்டரி வாசல்ல தொங்குதே, அது யார் பூட்டி வச்சது?"

"அதுல பேர் இல்ல அண்ணி. எண்ணிக்கை மட்டும்தான்."

"அந்த எண்ணிக்கையக் காட்டித்தான் மாஸ்க் கிடையாதுன்னாங்க. அவரு தூசி தின்னு வாங்கின சம்பளத்துல நீ படிச்ச. படிச்சு, மூணுன்னு எழுதின."

அதை அண்ணியின் கோபம் மட்டும் என்று அவளால் தள்ளிவிட முடியவில்லை.

உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணன் குரல் கொடுத்தான். படுத்தால் மூச்சு வாங்கும் அவனுக்கு. "ஏய், உன் வீட்ல நான் எத்தன நாள் தூங்கியிருக்கேன்?"

"ஒரு நாளும் இல்லண்ணா."

"நீ கூப்பிட்டதும் இல்ல." சிரித்தான், சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஆஸ்பத்திரிக்கு அந்தப் பொய் இருக்கட்டும். எனக்கு மருந்து வேணும். உன் கணக்குல என்னை இங்க போடு. அந்த மேனேஜர் நாலுன்னு படிக்கட்டும்."

"நாலுக்கு எவன் பயப்படுவான்?" அண்ணி அவன் பக்கம் திரும்பினாள். "நாலாவது ஆள் யாருன்னு தேடிட்டு நேரா இங்க வருவான். இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான் இருமுறீங்களா?"

அவள் அண்ணியையே பார்த்தாள்.

"என்ன பாக்கற? எழுது. பேனா இருக்கா, அதுவும் நான் தரணுமா?" அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். "முக்குக் கடைக்காரரோட மாமனார். லாட்ஜ்ல தங்கித்தான் மருந்து எடுத்தாரு. தண்ணி டேங்குக்கு எதிர் வீட்டுக்காரி. அவ ஃபேக்டரி வாசலயே மிதிச்சதில்ல. புருஷன் சட்டைய உதறித் துவைச்சவ."

பக்கம் நிறைந்தபோது பத்தொன்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு உறுதி செய்யாமல் ஏழாவது கட்டத்தைத் தொட முடியாது. கணக்கு மூட ஒரு நாள்தான் இருக்கிறது. அவள் எழுந்தாள்.

"உன்கூட ராசியாயிட்டேன்னு நினைக்காத" என்றாள் அண்ணி, செருப்பை மாட்டிக்கொண்டே.

"நினைக்கல அண்ணி."

"தனியா போனா உன் மூஞ்சிக்கு எவளும் கதவத் திறக்க மாட்டா. நட."

தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீட்டில் அண்ணிதான் கதவைத் தட்டினாள். உள்ளிருந்து வந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ என் நாத்தனார்" என்றாள் அண்ணி. "இவள நம்பாத. ஆனா கேக்கறதுக்கு உண்மையச் சொல்லு."