கடன் கொடுத்தவன் கேட்ட கேள்வி

அன்று ஷெட்டில் முதலாளி இருந்தார். வேலை பார்த்த இருபத்தொரு பேரில் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதால் வரவில்லை. அப்பா வரவில்லை, அவருக்குப் பதிலாக நான் போயிருந்தேன். அந்த ஷெட்டில் அடித்த பாகங்களை வாங்கிக்கொண்டிருந்த பெரிய கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை என்றுதான் அங்கிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து ஆளாகவும் நான்தான் போயிருந்தேன்.

ஷெட் இருந்தது திருமுடிவாக்கம் எஸ்டேட்டில். தகரக் கூரை, ஆறு பவர் பிரஸ் மெஷின்கள். தகட்டை வைத்தால் ஒரே அடியில் வடிவம் கொடுக்கும் மெஷின்கள். அப்பா அங்கே பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார்.

என் வேலை ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூர் தாண்டி ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். ஏதோ ஒரு நாட்டில் ஓய்வுபெறப் போகிறவர்களின் சேமிப்பை வைத்துக் கம்பெனிகளின் கடன் பத்திரங்களை வாங்கும் ஒரு நிதிக்காக நாங்கள் இங்கே உட்கார்ந்து வேலை செய்கிறோம். எல்லாக் கம்பெனியின் பத்திரத்தையும் அந்த நிதி வாங்காது. காற்றையும் தண்ணீரையும் கெடுக்காத, வேலை செய்கிறவர்களை வதைக்காத கம்பெனிகளுக்கு மட்டும்தான் கடன். அதில் நாற்பத்து மூன்று பத்திரங்கள் என் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். வாங்கிய கடன் சொன்ன காரியத்துக்குத்தான் போகிறதா, சாயக் கழிவு ஏதாவது ஆற்றில் கலந்ததா, அவர்களுக்குப் பொருள் செய்து தரும் சின்னப் பட்டறைகளில் யாருக்காவது அடிபட்டதா என்று பார்த்து, வரியின் கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் போட வேண்டும். சிவப்பு விழுந்தால் கம்பெனிக்குக் கடிதம் போகும். தொண்ணூறு நாளில் சரியான பதில் வராவிட்டால் பத்திரத்தை விற்றுவிட வேண்டும்.

வேலையில் சேர்ந்த வாரம் இதை வீட்டில் விளக்கப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் எதையும் விளக்குவது என் கடமை என்று ஒரு நினைப்பு.

"வட்டி ஒழுங்கா வருதான்னு பாக்கறியா?" என்றார் அப்பா.

"அதுக்கு வேற ஆளு கீறாங்கப்பா. கடன் வாங்கினவன் ஒழுங்கா நடந்துக்கறானான்னு பாக்கறதுதான் என் வேல."

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினியா? கடன் வாங்கனவன் நல்லவனா கீறானான்னு பாக்க ஒரு ஆளாம். அதுக்கு ஏசி ரூமாம். நமக்குக் கடன் குட்த்தவன் எவனாச்சும் வந்து பாத்தானா?"

"பாத்தானே," என்றாள் அம்மா. "பாத்துட்டு சைக்கிள எடுத்துகினு போனான்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தால் தோள்தான் முதலில் குலுங்கும். அன்று குலுங்கியது. பிறகு கேட்டார்: "சரி, ஒழுங்கா நடக்கலன்னா நீ இன்னா பண்ணுவ?"

"ஷேர் வெச்சிருக்கிறவனுக்கு ஓட்டு இருக்குப்பா. கடன் குடுத்தவனுக்கு ஓட்டு இல்ல. கேள்வி கேக்கலாம். அடுத்த தபா கடன் கேட்டு வந்தா தர மாட்டேன்னு சொல்லலாம். அதனால எங்க கேள்விக்கு பயப்படுவாங்க."

இதை நான் நம்பித்தான் சொன்னேன்.

ஒரு திங்கள்கிழமை மதியம், ஷெட்டிலிருந்து போன். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் வலது கை ஒரு வெள்ளை மூட்டையாக இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, அவர் சட்டையிலிருந்த பட்டன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணுகிறாள் போலிருந்தது.

சாயந்திரம் முதலாளி வந்தார். அவரும் ஒரு காலத்தில் மெஷினில் நின்றவர்தான். இன்னும் பழைய ஸ்கூட்டரில்தான் வருவார். கையில் ஒரு பை சாத்துக்குடி. "தம்பி, கவலப்படாத. அப்பாவ வுட்ற மாட்டேன். ஸ்டோர்ல உக்கார வெக்கிறேன். வர்ற சாமான எழுதிக்கட்டும், போற சாமான எழுதிக்கட்டும். சம்பளம் அதேதான். ரிட்டையர் ஆக ஆறு வருஷம் கீது, அது வரைக்கும் என் பொறுப்பு."

அந்த சாத்துக்குடிப் பையைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு எரிந்தது. இரண்டு விரலுக்கு ஒரு டஜன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் சீக்கிரம் அமைந்துவிடுகின்றன.

இரண்டு நாள் கழித்து அப்பாவின் செருப்பையும் டிபன் கேரியரையும் எடுக்க ஷெட்டுக்குப் போனேன். அவர் நின்ற மெஷினில் இரண்டு பச்சை பட்டன்கள் இருந்தன, ஒரு முழ இடைவெளியில். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மெஷின் அடிக்கும். கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இடது பக்கத்து பட்டன் அமுங்கிய நிலையில் செப்புக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கம்பி கறுத்துப்போய், நேற்றுக் கட்டியதாகத் தெரியவில்லை.

திரும்பும்போது வாசலில் அடுக்கியிருந்த நீலப் பெட்டிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கம்பெனியின் பெயர். மின்சார பஸ் செய்வதற்காகப் பசுமைப் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கிய கம்பெனி. என் அட்டவணையில் இருபத்து மூன்றாவது வரி. நான்கு முறை அதற்கு நானே பச்சை போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "அந்தக் கம்பி யார் கட்டினது?"

"நான்தான்."

"ஏன்ப்பா?"

"ஒரு கையில அமுக்கினா இன்னொரு கையில அடுத்த தகட்ட எடுத்துக்கலாம். நாளைக்கி முந்நூறு பீஸ் கூட வரும். கூட வர்ற பீஸுக்குத் தனி காசு. உன் காலேஜ் பஸ்ஸு அதுலதான் ஓடிச்சி." சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "மொதலாளி பாத்தாரு. அவுக்கச் சொல்லல. மேல கம்பெனிக்காரன் நாளு குறிச்சி அனுப்புவான், லேட்டானா காசு புடிப்பான். அவரு இன்னா பண்ணுவாரு?"

"இத நான் எழுதணும்ப்பா. என் லிஸ்ட்ல இருக்கிற கம்பெனி."

அவர் என் பக்கம் திரும்பி, "எழுதாத," என்றார். "என் கை. நான் சொல்றேன், எழுதாத. எனக்கு ஸ்டோர்ல எடம் குட்த்து கீறாரு."

"உனக்கு மட்டும் இல்லப்பா. அடுத்தவனுக்கும் விரல் போகக் கூடாதுல்ல?"

அவர் கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் படிக்க வைத்தவராலேயே என் வாயை அடைக்க முடியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆபீஸில் என் மேலதிகாரி ஒரு அம்மா. நாங்கள் மேடம் என்போம். இருபது வருடமாகப் பத்திரங்களோடு இருப்பவர். இருபத்து மூன்றாவது வரியில் நான் போட்ட சிவப்பைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இது பேப்பர்ல வரலையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"நேர்ல பார்த்தேன் மேடம். தெரிஞ்சவங்க அங்க வேலை செய்யறாங்க."

அப்பா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வரியை வேறு ஒருவரிடம் கொடுத்திருப்பார். அதுதான் விதி, எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

கடிதம் எழுதிக்கொண்டு போனேன். இரண்டு கேள்விகள். அடிபட்டவருக்கு என்ன செய்தீர்கள், உங்கள் சப்ளையர்களின் மெஷின்களில் பாதுகாப்பைச் சரிசெய்ய என்ன செய்யப் போகிறீர்கள் என்பது ஒன்று. இந்த சப்ளையர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பது மற்றொன்று.

மேடம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணு மட்டும் கேளு. ரெண்டு கேட்டா எது சுலபமோ அதுக்குத்தான் பதில் வரும். எது வேணும்னு யோசிச்சு வை."

இடத்துக்கு வந்து யோசித்தேன். யோசித்தேன் என்றா சொல்வது? சாத்துக்குடிப் பை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பார்த்தும் அவிழ்க்கச் சொல்லாத மனிதர் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து, என் பொறுப்பு என்று சொன்னது காதில் கேட்டது. முதல் கேள்வியை அழித்தேன். இரண்டாவதை வைத்துக்கொண்டேன். மேடம் பார்த்தார், ஒரு நொடி என் முகத்தையும் பார்த்தார். "இதுவா? சரி, உன் வரி," என்று அனுப்பிவிட்டார்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. அதற்குள் அப்பா வேலைக்குத் திரும்பியிருந்தார். ஸ்டோரில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு ரிஜிஸ்டர். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். வீட்டில் அம்மா வாங்கிக் கொடுத்த நாலு கோடு நோட்டில் இங்கிலீஷ் எண்களை எழுதிப் பார்ப்பார். "ஆறு எழுதனா அஞ்சு மாரி வர்து," என்பார். "ரெண்டுல எது சம்பளமோ அத்த நல்லா எழுதிப் பழகு," என்பாள் அம்மா.

கம்பெனியின் பதில் இரண்டு வரி. தங்கள் கேள்விக்கு நன்றி. சம்பந்தப்பட்ட சப்ளையர் எங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்.

மேடம் அதைப் படித்து, "கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டாங்க. க்ளோஸ் பண்ணிடு," என்றார். குரலில் குறை ஏதும் இல்லை, பாராட்டும் இல்லை. நான் இருபத்து மூன்றாவது வரியில் சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சை போட்டேன். பத்திரத்தை விற்க வேண்டியதில்லை. நிதிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. கம்பெனி அடுத்த மாதம் மறுபடி பத்திரம் வெளியிட்டது, அதையும் வாங்கினோம். நான் போட்ட பச்சையும் அதற்கு ஒரு காரணம்.

அந்தப் பதிலைப் படித்தபின் நான்கு நாள் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. நான்கு நாளும் அப்பா காலையில் இடது கையால் தலைவாரிக்கொண்டு கிளம்பினார். தாம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றாகத்தான் போவோம். அவர் பஸ் வந்ததும், "வர்ட்டா," என்று சொல்லிக் கட்டுப் போட்ட கையைத் தூக்குவார்.

ஐந்தாம் நாள் அவர் மதியமே வந்துவிட்டார். அன்று எனக்கு வீட்டிலிருந்து வேலை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"லாரி வந்துச்சி," என்றார். "டை எல்லாத்தயும் ஏத்திகினு போய்ட்டாங்க." டை என்பது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு. அது கம்பெனியின் சொத்து; அது போனால் அந்த மெஷின்களுக்கு அடிக்க ஒன்றுமில்லை. "பதினாலு டை. நான்தான் எழுதிக் குட்த்தேன். போற சாமான் நான்தான எழுதணும். கையெழுத்து கோணலா கீதுன்னு டிரைவரு சிரிச்சான்."

அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ எழுதினியா?"

"எழுதினேன்ப்பா."

"இன்னான்னு கேட்ட?"

சொன்னேன். இரண்டு கேள்வி எழுதியதையும், ஒன்றை அழித்ததையும், எதை அழித்தேன் என்பதையும் சொன்னேன்.

"மெஷின சரி பண்ணுன்னு கேக்கலியா?"

"கேக்கலப்பா."

அவர் தலையை ஆட்டினார், ரிஜிஸ்டரில் ஒரு வரியைச் சரிபார்த்தவர் மாதிரி. பிறகு தண்ணீரை வாங்கிக் குடித்தார். திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து என் ஆபீஸைப் பற்றி அவர் கேட்டதில்லை. நாலு கோடு நோட்டும் டிவி மேல் அப்படியே கிடந்தது. ஒரு நாள் அம்மா அதில் பால் கணக்கு எழுத ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் வேறு ஆர்டருக்கு அலைந்து பார்த்துவிட்டு முதலாளி ஷெட்டை மூடினார். மெஷின்களை விற்று, பேங்க் கடனை அடைத்து, மிச்சத்தைப் பிரித்துக் கொடுக்க எல்லோரையும் வரச்சொன்னார். "நீ போய்ட்டு வா," என்றார் அப்பா. வேறு எதுவும் சொல்லவில்லை.

மெஷின்கள் நின்ற இடத்தில் எண்ணெய் படிந்த சதுரங்கள் ஆறு இருந்தன. முதலாளி ஸ்டோர் மேசையை நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். சட்டப்படி ஒவ்வொருவருக்கும் வர வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். எதையும் மறைக்கவில்லை.

"நூத்துக்கு முப்பத்தஞ்சுதான் என்னால முடியுது," என்றார். "ஊரப்பாக்கத்துல இருந்த மனையும் வித்துட்டேன். அதுவும் இதுல சேத்திதான்."

யாரும் சத்தம் போடவில்லை. அப்பாவோடு பக்கத்து மெஷினில் நின்ற ஒரு அண்ணன் மட்டும், "யாரு போய் கம்பெனில வத்தி வெச்சான்னு தெரியல சார். கெடச்சா ரெண்டு கேள்வி கேக்கணும்," என்றார். பிறகு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ படிச்ச புள்ள. கூட்டிப் பாரு தம்பி, சரியா கீதா."

கூட்டிப் பார்த்தேன். அப்பாவுக்கு வர வேண்டியது ஒரு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து ஐந்நூறு. கொடுத்தது அறுபத்தொன்பதாயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து. எல்லோருக்கும் சேர்த்து வர வேண்டியது இருபத்தாறு லட்சத்து நாற்பதாயிரம். மேசை மேல் இருந்தது ஒன்பது லட்சத்து இருபத்து நான்காயிரம்.

"சரியா கீதா தம்பி?"

"சரியா இருக்குண்ணா."

"எவ்ளோ கொறயுது, மொத்தமா?"

கழித்துப் பார்த்தேன். ஒரு முறைக்கு இரண்டு முறை கழித்தேன். பிறகு அந்தப் பதினெட்டுப் பேருக்கும் கேட்கும்படி வாசித்தேன்: பதினேழு லட்சத்துப் பதினாறாயிரம் ரூபாய்.