ஈஸ்டருக்கு ஒரு லிட்டர் கூடுதலாக

அம்மா இறந்தபின் வந்த முதல் ஈஸ்டர். விருந்தினர், பிரியாணி, பாயசம் மூன்றும் வேண்டாமென்று முடிவு செய்து, நானும் அப்பாவும் வீட்டிலேயே இருந்தோம்.

எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் பால்காரருக்கு நரைத்த மீசை, தலையில் எப்போதும் உருமால். அளந்து ஊற்றும்போது பேசவே மாட்டார். அன்று வழக்கமான அரை லிட்டருக்கு மேல் இன்னும் ஒரு லிட்டர் ஊற்றத் தொடங்கினார்.

“போதுங்க, இந்த வருசம் பாயசம் வைக்கலீங்க,” என்றேன்.

ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “ஈஸ்டருக்கு ஒரு லிட்டர் சேத்தி ஊத்தோணும்னு அம்மா சொன்னதுங்க சாமி. நிறுத்தச் சொல்லலீங்களே.”

பின்னால் நின்ற அப்பா சேமியா வாங்கக் கடைக்குக் கிளம்பினார்.

ஈஸ்டர் வருடத்துக்கொரு தேதியில் வரும். நாளைக்கு ஈஸ்டர் என்று முந்தின நாள் அம்மாதான் அவரிடம் சொல்லிவைப்பார். இந்த முறை நாங்கள் யாரும் சொல்லவில்லை. எங்கே போய், யாரிடம் கேட்டாரோ.