திரை விழும் முன்

துபாயில் நாடகம் போட வந்திருந்த வயதான ஆங்கில நடிகர் ஒருவருக்கு ஒரு வாரம் நான்தான் டிரைவர். மேடையிலும் சினிமாவிலும் காலமெல்லாம் பட்லர், நீதிபதி, பாதிரியார் என்று சின்ன வேஷங்களே போட்டவர். "என் முகம் எல்லாருக்கும் தெரியும், பெயர்தான் யாருக்கும் தெரியாது" என்று சிரிப்பார்.

ஒருநாள் தியேட்டர் வாசலில் காருக்குள் காத்திருந்தபோது, மனைவிக்கு வீடியோ கால் போட்டேன்.

"என்ன சாப்டீக?"

"பிரியாணிதான். ரூம்ல ஒரே கும்மாளம்."

சாப்பிட்டது காய்ந்த குப்பூஸ் ரொட்டி. போனை வைத்த பிறகுதான், கார் பக்கத்தில் அவர் நிற்பதைப் பார்த்தேன்.

"நன்றாக நடிக்கிறீர்கள்" என்றார், தமிழே தெரியாதவர். "ஆனால் திரை விழும் முன்பே சிரிப்பை இறக்கிவிடுகிறீர்கள்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் ஊருக்குப் போன பிறகு, அடுத்த வீடியோ காலில் சிரிப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கட் பண்ணாமல் காத்திருந்தேன்.

"சரி, வச்சிரவா?" என்று சிரித்தாள். அவள் விரல் பட்டனைத் தேடிய அந்த நொடியில், அவள் சிரிப்பும் இறங்கியது.

எப்போதும் நான் முந்திக்கொண்டதால் அதுவரை அதைப் பார்த்ததில்லை. இப்போது மறுபடியும் நானே முதலில் கட் பண்ணிவிடுகிறேன்.