ஆம்பியரும் முதல் வெல்டிங் மெஷினும்

பக்கத்து வீட்டுக்காரர் மேசையை முதலில் ஈரத் துணியால் துடைப்பார், அப்புறம் காய்ந்த துணியால். அது முடிந்த பிறகுதான் அலமாரியிலிருந்து அந்த நீல ஃபைல் இறங்கும். உள்ளே வெல்டிங் மெஷின் விளம்பரத் தாள்கள், கம்பெனி வாரியாக, விலை வாரியாக. பச்சை மையில் நிறை, சிவப்பு மையில் குறை, பென்சிலில் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை அசைய மாட்டார். எழுந்திருக்கும்போது பென்சில் கோடுகள் மட்டும் கூடியிருக்கும்.

இது மூன்றாவது வருஷம்.

குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவில் வேலை. வயது நாற்பத்தாறு. எந்நேரமும் மின்சாரக் கணக்கே பேசுவதால் தெருவில் எல்லோரும் அவரை ஆம்பியர் என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவருக்குக் கோபம் வராது. மேடையில் கூப்பிட்டுப் பட்டம் கொடுத்ததுபோல ஒரு சிரிப்புச் சிரிப்பார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். ஆகவே இந்த மூன்று வருஷக் கூத்தையும் டிக்கெட் வாங்காமல் முன்வரிசையில் இருந்து பார்த்தவன் நான்.

எல்லாம் ஒரு பழைய வேனுக்காக. வேன் அவருடையதுகூட இல்லை, அவர் மனைவியுடையது. அந்த அம்மாள் ஜன்னல் திரை தைப்பவர். தைப்பதோடு விடமாட்டார், துணி, கம்பி, ஏணி, துளை போடும் மெஷின் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய், ஜன்னலில் மாட்டி, சுருக்கம் பார்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் வருவார். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி. அதன் டிரைவர் சீட்டுக்கு அடியில் தகடு துருப்பிடித்து, மழை நாளில் ரோட்டுத் தண்ணீர் அவர் காலில் தெறிக்க ஆரம்பித்தது. வேறு வீடாக இருந்தால் மறுநாளே பட்டறைக்குப் போயிருக்கும். இந்த வீட்டில் ஆம்பியர் குறுக்கே கையை நீட்டினார்.

"வெளியில எல்லாம் குடுக்காத. கண்டவன் கை வச்சா வண்டி வீணாப் போயிடும். நல்ல மெஷினா ஒண்ணு வாங்கிடறேன். வீட்லயே நானே பத்த வச்சுத் தர்றேன்."

அந்த அம்மாள் ஓட்டையின் மேல் ஒரு பலகைத் துண்டைப் போட்டு, அதன் மேல் கால் வைத்து ஓட்டிக்கொண்டு போனார். நல்ல மெஷின் வரும் என்று நம்பினார். நானும் முதல் ஆறு மாசம் நம்பினேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

விஷய ஞானத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. கரைத்துக் குடித்திருந்தார். குச்சி வைத்துப் பற்றவைக்கும் மெஷின் விலை மலிவு, கேட்டுக்கும் கிராதிக்கும் சரி, ஆனால் வண்டித் தகடு காகிதம் மாதிரி மெல்லிசு, தொட்டவுடன் பொத்துவிடும் என்பார். கம்பிச் சுருள் தானாக வரும் மெஷின் வண்டிக்கு ஏற்றது, ஆனால் சிலிண்டர் வேண்டும், சிலிண்டர் வைத்தால் அதைச் சங்கிலி போட்டுக் கட்டச் சுவர் வேண்டும், நம் சுவர் தாங்காது என்பார். சிலிண்டர் இல்லாமலே ஓடும் கம்பி மெஷின் இருக்கிறதே என்று ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையை எந்த மகனும் அப்பாவிடம் வாங்கியிருக்க மாட்டான்.

"அது விளையாட்டுச் சாமான் சார். டியூட்டி சைக்கிள் பாத்தீங்களா? பத்து நிமிஷத்துல ரெண்டு நிமிஷம்தான் ஓடும். மீதி எட்டு நிமிஷம் மூச்சு வாங்கும். அத வச்சிக்கிட்டு என்ன பண்றது?"

மூன்று வருஷத்தில் இரண்டு நிமிஷம்கூட ஓடாத ஒரு மனிதர் இதைச் சொன்னார்.

கட்டுப்படியாகும் விலையில் முதல் மெஷின். இதுதான் அவர் எடுத்துக்கொண்ட விரதம். மலிவு மெஷினைக் காட்டினால், "மலிவா இருக்குன்னு வாங்கினா அப்புறம் அழணும்." விலை கூடியதைக் காட்டினால், "கத்துக்கறவனுக்கு எதுக்குங்க யானை?" இரண்டுக்கும் நடுவில் இருப்பதைக் காட்டினால், "அதுல ரெண்டு குறையும் இருக்கு சார்." கருவிக் கடைக்காரர் ஆரம்பத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பிறகு நிற்க வைத்துப் பேசினார். இப்போது ஆம்பியர் தெருமுனையில் தெரிந்தாலே உள்ளே போய் யாரோடோ போன் பேசுகிறார்.

கையை வீசிக்கொண்டும் அவர் திரும்ப மாட்டார், அதுதான் வேடிக்கை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வருவார். வெளிச்சம் பட்டதும் தானே இருண்டு கொள்ளும் முகமூடி வந்தது. முழங்கை வரை ஏறும் தோல் கையுறை வந்தது. தோல் ஏப்ரன், தகடுகளை மூலை சேர்த்துப் பிடிக்கும் காந்தப் பட்டைகள் ஆறு, கசடு தட்டும் சுத்தியல், கம்பி பிரஷ், எல்லாம் வந்தன. மெஷினை வைத்துத் தள்ளிப் போக ஒரு தள்ளுவண்டிக்கு வரைபடம் போட்டார். அந்தத் தள்ளுவண்டியைச் செய்ய வெல்டிங் மெஷின் வேண்டும் என்பதை வரைந்து முடித்த பிறகுதான் கண்டுபிடித்தார். அதையும் பெருமையாகவே என்னிடம் வந்து சொன்னார். வாங்கிக் குவித்த உபகரணங்களுக்கு இரண்டு மெஷின் வந்திருக்கும் என்று அந்த அம்மாள் ஒருநாள் முணுமுணுத்தார். ஆம்பியர் சிரித்தார். "பாதுகாப்பு முக்கியம்மா. கண்ணு போனா வருமா?"

கண்ணுக்கு ஆபத்து வர ஒரு பொறியாவது பறக்க வேண்டாமா!

இப்படியே ஓடியிருக்கும். நடுவில் அந்த அம்மாளுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய மாணவியர் விடுதி, அறுபது ஜன்னல். அதுவரை அவர் கையில் எடுத்த எல்லா வேலைகளையும் சேர்த்தால்கூட அத்தனை ஜன்னல் வராது. இது கைகூடினால் அடுத்த கட்டடமும் அவருக்குத்தான் என்று விடுதிப் பொறுப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை காலை திரைகளோடு போய் நிற்க வேண்டும். இதற்குள் வேனின் தகுதிச் சான்று காலாவதியாகியிருந்தது. சோதனைக்குக் கொண்டு போனால், ஆய்வாளர் பலகைத் துண்டைக் காலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, "இத அடைச்சிட்டு வெள்ளிக்கிழமை வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு இந்த வாரத் திங்கள்.

"என்னங்க, இப்பவாவது பட்டறைக்குக் கொண்டு போறேன்" என்றார் அந்த அம்மாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. களைத்துப்போன குரல்.

"நாலு நாள் இருக்குல்ல? இந்த வாரம் மெஷின் எடுத்துடறேன். மொதல்ல இடத்தத் தயார் பண்ணணும். அதுதான் பாதி வேலை."

மறுநாள் அவர் லீவு போட்டார். மச்சானிடமிருந்து வெட்டும் மெஷினை இரவல் வாங்கி வந்தார். முகமூடி, கையுறை, ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டு, சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, துருவை வெட்ட ஆரம்பித்தார். துரு உள்ளங்கை அளவு. நல்ல தகடு தெரியும் வரை வெட்ட வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தார். வெட்டினார். கொஞ்சம் கோணலாகப் போனதால் நேராக்க இன்னும் கொஞ்சம் வெட்டினார். அது சதுரமாக வரவில்லை என்று மறுபக்கம் வெட்டினார். மத்தியானம் நான் சுவர் வழியாக எட்டிப் பார்த்தபோது, சீட்டை முடுக்கும் இரும்புக் கால் இரண்டும் வெட்டிய தகட்டோடு தரையில் கிடந்தன. வேனுக்குள்ளிருந்து பார்த்தால் சிமெண்டுத் தரை தெரிந்தது. ஒரு ஆள் தாராளமாக இறங்கிப் போகலாம்.

"பாத்தீங்களா சார், இப்ப எவ்ளோ சுத்தமா இருக்கு!" என்றார்.

சுத்தம்தான். இனி அந்த வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டும் போக முடியாது, ஏனென்றால் டிரைவர் உட்கார இடம் இல்லை. பற்றவைக்க வீட்டில் மெஷினும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே நாளில் சாதிக்க ஆம்பியரால் மட்டும்தான் முடியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த டம்ளரைச் சுவரில் ஓங்கி வைத்துவிட்டேன். அந்த அம்மாள் வாசலில் நின்று ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது, வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

புதன்கிழமை ஆம்பியர் மேசையைத் துடைத்தார். ஈரத் துணி, காய்ந்த துணி, நீல ஃபைல். ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில் அந்த ஃபைல் இறங்கியது அதுவே முதல் தடவை. நெருக்கடியின் ஆழம் அவருக்குப் புரிந்திருந்தது என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த அம்மாள் யாரையும் கேட்காமல் தெருமுனைக்கு நடந்து போனார். திரும்பி வந்தபோது பின்னால் ஸ்கூட்டரில் கேட்டுக்காரர் வந்தார். கேட்டும் கிராதியும் அடித்துக் கொடுக்கும் ஆள். அவருக்கும் வேறு பெயர் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு சின்ன வெல்டிங் மெஷின், அடிபட்டு நெளிந்து, கைப்பிடிக்குப் பதில் கயிறு. சிலிண்டர் கிடையாது. கம்பிச் சுருள் உள்ளேயே இருந்தது.

அவர் ஓட்டையைப் பார்த்தார். ஆம்பியரைப் பார்த்தார். "எலி கடிச்ச மாதிரி இல்லையே சார், யானை மிதிச்ச மாதிரி இருக்கே" என்றார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். தரைவிரிப்பைச் சுருட்டி எடுத்தார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் வைத்துக்கொண்டார். கொண்டு வந்த தகட்டை ஓட்டையின் மேல் வைத்து ஆணியால் கோடு கிழித்து வெட்டினார். இங்கே ஒரு புள்ளி, நேரெதிரே ஒரு புள்ளி, அப்புறம் இந்த மூலை, அந்த மூலை. ஒரே இடத்தில் கை நிற்கவில்லை. தகடு சூடேறி நெளியாமல் இருக்க அப்படி மாறி மாறி வைக்க வேண்டுமாம். இதை எங்களுக்கு விளக்கியவர் ஆம்பியர்தான், பக்கத்தில் நின்று, ஏதோ தன் கையால் நடப்பது போல.

"டியூட்டி சைக்கிள் எவ்ளோங்க இதுல?" என்று கேட்டார்.

"அதெல்லாம் தெரியாது சார். சூடானா நின்னுடும். நின்னா நான் டீ குடிப்பேன்."

சொன்னபடியே மெஷின் இரண்டு முறை நின்றது. அந்த அம்மாள் இரண்டு முறை டீ கொடுத்தார். சீட்டுக் கால்களையும் பழைய இடத்தில் அளந்து வைத்து ஒட்டி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. மறுநாள் வேன் சோதனையில் தேறியது, திங்கட்கிழமை விடுதிக்குப் போனது, அறுபது ஜன்னலிலும் திரை ஏறியது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசகருக்கு அந்தக் கவலை வேண்டாம். நான் சொல்ல வந்தது வேலை முடிகிற அந்தக் கடைசி நிமிஷத்தை.

ஓரத்தில் ஒரு விரல் அளவு இடைவெளி பாக்கி. கேட்டுக்காரர் எழுந்து இடுப்பை நிமிர்த்தினார். ஆம்பியர் முழு அலங்காரத்தில் நின்றார்: நெற்றியில் ஏற்றிவிட்ட முகமூடி, ஏப்ரன், முழங்கைக் கையுறை. வேலை செய்தவர் போட்டிருந்ததோ கீறல் விழுந்த ஒரு பழைய முகமூடியும் ஒரு கை கிழிந்த சட்டையும்.

"கடைசிப் புள்ளி நீங்க வைங்க சார்" என்று அவர் துப்பாக்கி மாதிரி இருந்த அந்தக் கைப்பிடியை நீட்டினார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே, ஆசைப்படுகிற மனிதர் என்று நினைத்துக் கொடுத்தார். "முனைய இங்க வச்சி, விசைய ஒரு தடவ அமுக்குங்க. அவ்ளோதான். குழந்தகூடச் செய்யும்."

ஆம்பியர் ஒரு அடி முன்னால் வந்தார். கை பாதி தூரம் எழுந்தது. அங்கேயே நின்றது. முகத்தில் வேர்வை அரும்பியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே தெரிந்தது. "இல்ல... இந்த லைன்ல வோல்டேஜ் எப்படி இருக்கும்னு..." என்றார். மூன்று வருஷமாக அவரைத் திட்டிய நான் அப்போதுதான் பார்த்தேன். அவருக்கு மெஷின் கிடைக்காமல் போகவில்லை. பயந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்தப் பயத்தைத்தான் பச்சை மையிலும் சிவப்பு மையிலும் எழுதி ஃபைல் போட்டிருந்தார். அதற்காக அந்த அம்மாளை மூன்று மழைக்காலம் நனையும் காலோடு வண்டி ஓட்ட வைத்திருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

கேட்டுக்காரர் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்தார். கணவர் தலையிலிருந்த முகமூடியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "அந்தக் கையுறையக் குடுங்க" என்றார்.

ஆம்பியர் இரண்டு கைகளையும் சேர்த்து மனைவி முன்னால் நீட்டினார், உருவி எடுக்க வசதியாக.