ஞாயிற்றுக்கிழமைகளில் பதினைந்து நிமிடம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஜெனியின் கையிலிருந்த போன் தானாகப் பூட்டிக்கொண்டது. அப்படிச் செய்து வைத்தது நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் படிக்கிற பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் திரை பார்க்கலாம், அளவோடு பார்த்தால் நல்லதும் உண்டு, அளவை நீங்களே வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் பெரிய தீர்மானத்தோடு வந்து, ஒரு நாளைக்கு அரை மணி என்று வைத்தேன். அன்றைக்கு அந்த அரை மணி தீர்ந்தபோது ஜெனி வீடியோவில் அவளுடைய பெரியம்மாவோடு, அதாவது என் கிரேஸ் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கையால்தான் பேசுவாள். எதையோ சொல்ல வலது கையைத் தூக்கியவள், தூக்கியபடியே மறைந்துபோனாள்.

"பெரியம்மா சொல்லி முடிக்கலம்மா. பெரியம்மாட்ட பேசுறதும் அந்த அரை மணில சேருமா?"

"பொறவு சொல்லுதேன்" என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். பதில் தெரியாதபோதெல்லாம் எனக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே யோசித்தேன். திரையை எவ்வளவு பார்க்கலாம் என்கிற இந்தக் குழப்பம் எனக்கு ஏழு வயது இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. அப்போது ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. வீட்டுக்கு வரும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அதனால் அக்காவின் பாஷையில் தலைமுடியைத் தட்டிவிட்டால் அப்பா. பக்கத்து வீட்டு ராஜம் அத்தைக்கு மூக்குத்தியைத் தொட வேண்டும். எனக்கு முன்பல்லைத் தொட்டுக் காட்டுவாள். பல் விழுந்திருந்தபோது வைத்த பெயர். முளைத்த பிறகும் மாற்றவில்லை. இதெல்லாம் நானும் அவளும் உண்டாக்கியவை. அம்மாவுக்குப் பாதி புரியும். அப்பாவுக்கு ஒன்றுமே புரியாது, என்னைத்தான் கேட்பார். அக்காவுக்கு ஒன்பது வயதாகியும் பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு வருஷம் கடைசி வரிசையில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் தெருவில் ராஜம் அத்தை வீட்டில்தான் டிவி. அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். ஒரு வெள்ளை நாய் உண்டு. அது குரைத்தால் நான் தெருவிலேயே நின்றுவிடுவேன். அக்காவுக்குக் குரைப்புக் கேட்காது என்பதால் அவள் பாட்டுக்கு அதன் தலையைத் தடவிவிட்டு உள்ளே போவாள். நாயும் குழம்பிப்போய் வாலை ஆட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அத்தையிடம் வாங்கிய தூக்குச்சட்டியைத் திருப்பித் தர அவர்கள் வீட்டுக்குப் போனோம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. சேலை கட்டின ஒரு பெண் கைகளை வேகமாக அசைத்துக்கொண்டிருந்தாள். காது கேளாதவர்களுக்கான வாரச் செய்தி என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அக்கா தூக்குச்சட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"ரா, கூர்ச்சோ" என்றார் அத்தை. வா, உட்கார் என்று அர்த்தம். அக்கா உட்காரவில்லை. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றாள். முடிந்ததும் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் அசன விருந்து. எல்லாரும் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான் அப்பளத்தைக் கவனித்த நேரத்தில் பக்கத்து இலையில் அக்காவைக் காணோம். அம்மா போட்ட சத்தத்தில் பரிமாறினவர்கள் வாளியை வைத்துவிட்டு ஓடினார்கள். சர்ச்சிலிருந்து எங்கள் தெருவுக்கு வர மெயின்ரோட்டைத் தாண்ட வேண்டும். பஞ்சு லாரிகள் போகிற ரோடு. ஹார்ன் அடித்தால் ஒதுங்குகிற பிள்ளை இல்லை அவள்.

அப்பா முன்னால் ஓட, நானும் பின்னாலேயே ஓடினேன். அத்தை வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தார்கள். உள்ளே நாய் குரைக்க, வெளியே அக்கா இரண்டு கையாலும் கதவை அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பிடித்துத் திருப்பி அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். அக்கா பயப்படவில்லை. அழுதுகொண்டே, டிவியில் பார்த்த பெண்ணைப் போலவே கைகளை விறுவிறுவென்று அசைத்துக் காட்டினாள். அப்பாவின் கை அப்படியே இறங்கிவிட்டது.

"என்னட்டி சொல்லுதா இவ?"

"தெரியலப்பா" என்றேன். அவள் சொன்னது எனக்கே தெரியாமல் போனது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் அப்பாவே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியே வீட்டுக்கு ஆகாது என்று இருந்த மனுஷன். வாசலில் நின்றுகொண்டு, "யம்மா, ஞாயித்துக்கெழம பதினஞ்சு நிமிசம் மட்டும் இந்தப் புள்ள பாக்கட்டும். அதுக்கு மேல வேண்டாம்" என்றார். அத்தை அவருக்கும் நாற்காலி போட்டார். செய்தி முடிந்து அத்தை டிவியை அணைத்த பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை.

"இப்டிப் பேசுதவிய எங்க இருக்காவ?" என்று அணைந்த பெட்டியைப் பார்த்துக் கேட்டார். அத்தைக்குத் தெரியவில்லை. அப்பா சர்ச் போதகரிடம் போய்க் கேட்டார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், கூடவே விடுதி என்று அவர்தான் விசாரித்துச் சொன்னார். ஜூன் மாதம் அக்காவைக் கொண்டுபோய் விட்டோம். அம்மா வழி முழுக்க அழுதாள். அக்கா வாசலிலேயே ஒரு கூட்டம் பிள்ளைகளின் கைகளைப் பார்த்துவிட்டு எங்களுக்கு டாட்டா காட்ட மறந்துவிட்டாள்.

காலாண்டு லீவுக்கு வந்தவளின் கைகள் பறந்தன. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மீசையை முறுக்கிக் காட்டி அப்பா என்றாள். எங்கள் அப்பாவுக்கு மீசையே கிடையாது. நான் தலைமுடியைத் தட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டு, இல்லை, இப்படி என்று என் விரலைப் பிடித்து மேலுதட்டில் வைத்துத் திருத்தினாள். அவளுக்குப் பேச ஆயிரம் பேர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு ஏன் அழுகை வந்தது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

வெகுகாலம் கழித்து, அவள் தையல் வேலைக்குக் கோயம்புத்தூர் போய், தன்னைப் போலவே ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்ட பிறகு, கேட்டேன்: அந்தச் செய்தியில் உனக்கு என்ன புரிந்தது? ஒன்றுமே புரியவில்லை என்றாள். அந்தப் பெண்ணின் கை வேறு, பள்ளியில் சொல்லிக்கொடுத்தது வேறு. பிறகு எதற்கு அப்படி ஓடினாய் என்றேன். அவளும் இப்படிப் பேசுகிறாள், அவளை யாரும் அடக்கவில்லை என்றாள்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் இருந்த நன்மை இதுதானா? அத்தை அணைக்காமல் விட்டிருந்தால், அக்கா நாள் முழுக்க அந்தப் பெட்டி முன்னாலேயே கிடந்திருப்பாளா? இப்படிப் பேசுகிறவர்கள் எங்கே என்று அப்பா கேட்காமலே போயிருப்பாரா? தெரியவில்லை. இப்போது அக்காவின் அழைப்பை மட்டும் அரை மணியில் சேர்க்காதபடி மாற்றிவிட்டேன். ஜெனி உஷார். "பெரியம்மா என்னைய இத பாக்கச் சொன்னாவ" என்று ஒரு கார்ட்டூனையும் அதற்குள் நுழைக்கப் பார்க்கிறாள். அக்காவிடம் கேட்டால் ஆமாம் என்கிறாள். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். என்னைவிட ஜெனிக்குத்தான் அந்தக் கைகள் நன்றாகப் புரிகின்றன.

அத்தை வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். அப்பாவும் இல்லை. அந்தச் செய்தி இப்போது வருகிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை. நானும் அக்காவும் பேசிய பாஷையும் போய்விட்டது. நேற்று உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தேன், ஏழெட்டுச் சொல்தான் தேறியது. அதில் ஒன்று, இடது முழங்கையை வலது உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டுவது. தினமும் சாயங்காலம் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்வோம். என் கை அதைத் தடுமாறாமல் செய்கிறது. அர்த்தம்தான் வரவில்லை. வீடியோவில் அக்காவிடம் செய்து காட்டினேன். அவள் கூர்ந்து பார்த்தாள். தானும் ஒருமுறை தன் முழங்கையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு, என்ன என்று என்னையே கேட்டாள்.