புளி போட்டுத் துலக்கிய காசுகள்

சண்டைக்கு முன்னால் நான் ஒரு கல்லூரியின் பழம்பொருள் அறையில் குமாஸ்தா. பின்னாளில் அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமாகி, அந்த அறையும் அருங்காட்சியகம் ஆனது. குண்டு விழத் தொடங்கியதும் என் துரை பழங்காசுகள் இருந்த தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்து, சண்டை முடிந்ததும் திருப்பித் தா என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார். நான் பெட்டியோடு காஜா பெராங் என்ற ஊரில் இருந்த என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

சுல்தான்கள் காலத்து வெள்ளீயக் காசுகள், கொஞ்சம் சோழர் செப்புக் காசுகள். எல்லாம் கறுத்துப்போய், மண் அப்பிக் கிடக்கும். அந்தக் கறுப்புதான் அவற்றின் வயதுக்குச் சாட்சி, அதில் கை வைக்காதே என்று துரை தலைப்பாடாய் அடித்துக்கொள்வார். இதை வீட்டில் சொல்லி வைக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். வயிறு காய்கிற நாளில் காசின் கறுப்பைப் பற்றி யார் பேசுவார்கள்?

ஊரைப் பிடித்த ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் செங் என்ற ஊரின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆண்களை லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். ஜப்பான்காரனிடம் வேலை பார்க்கிறவனுக்கு மட்டும் ஒரு சீட்டு உண்டு, அதைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். நகரத்தில் ஒரு ஜப்பான் அதிகாரிக்குப் பழம்பொருள் பைத்தியம் என்று கேள்விப்பட்டு, நானே போய்ப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். கல்லூரிச் சொத்தைக் காட்டி உயிர்ப்பிச்சை கேட்கிறோமே என்று கூசியது. பயம் கூச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகவும், காசுகள் நல்லவையாக இருந்தால் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குத்தான் என்றும் அவர் சொல்லியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் குத்துவிளக்கு துலக்குகிற நாள். நான் அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டு வீடு திரும்பினால், தாம்பாளத்தில் வாழையிலை விரித்து, அதன்மேல் காசுகள் பளபளவென்று கிடக்கின்றன. புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருந்தாள் என் மனைவி. வெள்ளீயத்தில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

"அதிகாரி துவான் வர்றாருன்னு சொன்னீங்க. அழுக்கோடவா காட்டுறது? விளக்கோட சேத்துத் தொலக்கிட்டேன்" என்றாள்.

கோபப்படக்கூட நேரமில்லை. வாசலுக்கு முன்னால் சடக்கில் கார் வந்து நின்றது. அதிகாரி ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், இரண்டையும் தாம்பாளத்தில் வீசினார். கூட வந்தவன் மலாயில் "பல்சு" என்றான், போலி என்று. அவ்வளவுதான், போய்விட்டார்கள். மறுவாரமே என்னைச் சயாமுக்குப் புறப்படச் சொல்லி ஆள் வந்துவிட்டது.

அவள் சோறு தண்ணி தொடவில்லை. புறப்படுகிற காலையில் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான் தொலக்காம இருந்திருந்தா நீங்க போக வேண்டி வந்திருக்காதுல்ல?" என்று கேட்டாள். அந்த முகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

"போடி பைத்தியம். மொதல்லேருந்தே அது கள்ளக் காசு. தொரைய எவனோ ஏமாத்தியிருக்கான். நீ தொலக்காட்டியும் இவன் கண்டுபிடிச்சிருப்பான்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்த்துவிட்டு லாரியில் ஏறினேன்.

சயாமைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. பிழைத்து வந்தேன். வீட்டில் அவளும் எலும்பும் தோலுமாக உயிரோடு இருந்தாள், மகனும் இருந்தான். கொஞ்சம் நடக்க முடிந்ததும் பெட்டி எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? புள்ளைக்கு வயித்துக்கு ஒண்ணுமில்ல, கண்ணு சொருகிப்போச்சு. ஈயம் பூசுறவர்கிட்டக் குடுத்தேன், உருக்கிக்கிட்டாரு. ஒரு சாக்கு மரவள்ளி குடுத்தாரு. கள்ளக் காசுன்னு நீங்க சொல்லிட்டுப் போனது நல்லதாப் போச்சுங்க. இல்லாட்டி அடுத்தவங்க பொருள்ல நான் கை வச்சிருப்பேனா?"

துரை திரும்பி வந்து கேட்டபோது, ஜப்பான்காரன் கொண்டுபோய்விட்டான் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம். அவளிடமும் அவள் கண்ணை மூடும்வரை காசு அசல்தான் என்ற உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அன்றைக்குப் பிள்ளைக்கு ஊட்டிய மரவள்ளி அத்தனை வருஷம் கழித்தும் அவளுக்குச் செரித்திருக்காது.